நாலு போல்ட் மாரிசெல்வமும் கொம்பையாவின் ரேடியோவும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பஸ்ஸிலேயே பதவி உயர்வு வாங்கிவிடுவார்கள். ஏறும்போது ஆபரேட்டர். விழுப்புரம் தாண்டினால் சூப்பர்வைசர். மதுரையில் டீ குடித்துவிட்டு மறுபடி ஏறும்போது என்ஜினியர். இந்த வித்தை மாரிசெல்வத்துக்கு மட்டும் பிடிபடவே இல்லை. தாம்பரத்தில் ஆபரேட்டராக ஏறி, கோவில்பட்டியில் ஆபரேட்டராகவே இறங்குவான். இருபத்தெட்டு வயதாகியும் அவனுக்குப் பெண் அமையாததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்பு. இரண்டாயிரத்து ஒன்றில் வந்தவன், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் கம்பெனியில் சேர்ந்தான். கார் கம்பெனி என்றதும் ஊரில் எல்லோரும் அவன் காரையே செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் செய்தது என்னவோ நாலே நாலு போல்ட். முன்பக்க இடது சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் நாலு போல்ட். கார் ஊர்ந்து வரும். டார்க் ரெஞ்சைப் போட்டுத் திருகுவான். வேண்டிய இறுக்கம் வந்ததும் ரெஞ்சு 'டக்' என்று சொல்லும். உடனே பெயிண்ட் பேனாவை எடுத்து, போல்ட் தலையிலிருந்து அடித்தகடு வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு போடுவான். கோடு விழுந்துவிட்டால் அந்த போல்ட்டின் கதை முடிந்தது. அப்புறம் ஜென்மத்துக்கும் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. ஒரு ஷிஃப்டுக்கு முந்நூறு கார். முந்நூறு நாலு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், அவன் பெருக்கிப் பெருக்கி ஓய்ந்துவிட்டான்.

மூன்று வருஷம் இதையே செய்தால் மனுஷன் என்ன ஆவான்? லூஸாக எதைப் பார்த்தாலும் மாரிசெல்வத்தின் விரல் துடிக்கும். டீக்கடை பெஞ்சு ஆடினால் குனிந்து நட்டைத் திருகிவிட்டுத்தான் டீயைத் தொடுவான். பஸ் ஜன்னல் கம்பி, பக்கத்து ரூம் கதவுத் தாழ்ப்பாள், கோவில் உண்டியல் பூட்டு என்று ஒன்றையும் விட்டதில்லை. உண்டியல் விஷயத்தில் பூசாரி ஒருமுறை தப்பாக எடுத்துக்கொண்டு பெரிய ரகளையே ஆனது. திருகும்போது உதடு அசையாமல் சுற்றை வேறு எண்ணுவான். சேர்ந்த புதிதில் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. எண்ணிக்கை வருவதற்கு முன்னாலேயே 'டக்' கேட்டால் மரை கோணிக்கொண்டது என்று அர்த்தமாம்.

பிள்ளைப்பாக்கத்தில் பாபு என்பவர் கட்டி வாடகைக்கு விட்ட பத்து ரூம் வரிசையில் ஐந்தாவது ரூம் இவனுடையது. பாபு உள்ளூர்க்காரர். அவர் விற்ற நிலத்தில் கம்பெனி எழும்பியது. மிச்ச நிலத்தில் அந்தக் கம்பெனிக்காரர்களுக்கே ரூம் கட்டினார். ஆகக்கூடி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமலே விவசாயத்திலிருந்து தொழில்துறைக்கு மாறிய மகான். ரூமில் இருந்த ஆறு பேரில் மாரிசெல்வத்துக்குக் கூட்டாளி பேச்சிராஜ், சாத்தூர்க்காரன். கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில் க்வாலிட்டி செக்கிங். வேலையை கம்பெனியோடு விட்டுவிட்டு வரத் தெரியாத பிறவி. இன்றைக்கு யார் சோறு வடித்தது, குழைந்ததா, ஏன் குழைந்தது என்பதற்கெல்லாம் செக் ஷீட் நிரப்புகிறவன். ஆபரேட்டர்களுக்கு இங்கிலீஷ் வராது என்ற நல்லெண்ணத்தில் அவன் கம்பெனி அந்தத் தாளைத் தமிழிலேயே அச்சடித்து வைத்திருந்தது. அந்த நல்லெண்ணம் பின்னால் என்ன பாடுபடுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டு இடத்தில் 'ஆபரேட்டரா?' என்று கேட்டுக் காபியோடு அனுப்பிவிட்ட பிறகு, தரகர் நெல்லையப்பன் மூன்றாவது வரன் கொண்டுவந்தார். கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர். பெண் சுகப்பிரியா, கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறாள். அப்பா கொம்பையா, பருத்தி விவசாயம். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் தலையைக் குனியாமல் நேராகவே கேட்டுவிட்டாள்.

"காருல நீங்க எதச் செய்வீங்க?"

மாரிசெல்வம் வாயைத் திறப்பதற்குள் நெல்லையப்பன் முந்திக்கொண்டார். "எதன்னா? முழுக் காரும்தாம்மா! என்ஜினியருல்லா!"

மாரிசெல்வம் மறுத்திருக்கலாம். மறுக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். ஆனால் அந்தப் பெண் அவனைப் பார்த்த பார்வையில், போல்ட்டும் நட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. திறந்த வாயில் ஒரு மிக்சரைப் போட்டு மூடிக்கொண்டான். கல்யாணம் நிச்சயமானது அந்த மிக்சரால்தான்.

அத்தோடு விட்டாரா கொம்பையா? பட்டாபிராமில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு ஒரு வாரம் வந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சப்பையோடு பிள்ளைப்பாக்கம் ரூம் வாசலில் வந்து நின்றார். பைக்குள் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. எழுபத்து நாலில் பருத்தி விளைந்த வருஷம் வாங்கியது. தோல் உறை, தோளில் மாட்டும் வார், பெரிய செல் நாலு போடும் சைஸ். முப்பது வருஷமாக விவசாய நிகழ்ச்சியும் மாநிலச் செய்தியும் கேட்டு வந்த பெட்டி, இரண்டு மாதமாக ஊமை.

"கோவில்பட்டியில குடுக்கலாம். ஆனா அந்தப் பய போன தடவ நல்ல ஸ்பீக்கரக் கழட்டிட்டு ஓட்டையப் போட்டுட்டான்" என்றார் கொம்பையா. "அதான் நம்ம மாப்ளகிட்டயே கொண்டாந்துட்டேன். ஒரு காரையே செய்யுத என்ஜினியருக்கு இது எம்மாத்திரம்? அடுத்த ஞாயித்துக்கிழம ஊருக்குக் கிளம்புதேன். வந்து வாங்கிக்கிடுதேன், என்ன மாப்ள?"

"செஞ்சிரலாம் மாமா" என்றான் மாரிசெல்வம். கொம்பையா போகும்போது ரூமை ஒரு சுற்றுப் பார்த்தார். ஆறு பாய், ஒரு ஸ்டவ், சுவரில் சோறு குழைந்ததற்கான செக் ஷீட். "சிக்கனமா இருக்கீரு" என்று மெச்சிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாரிசெல்வம் பாயில் தொப்பென்று உட்கார்ந்தான். ரேடியோ பாடவில்லை என்றால் என்ஜினியர் வேஷம் கலையும். வேஷம் கலைந்தால் சுகப்பிரியா கிடையாது. அவளை ஒருமுறைதான் பார்த்திருக்கிறான், ஆனாலும் அந்தக் கேள்வி கேட்ட தோரணையை ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு போல்ட் திருகும் நேரமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தான். அவளை விட்டுவிட அவனுக்கு மனசே இல்லை.

பேச்சிராஜ் குஷியாகிவிட்டான். "ஏன் ஏன்னு அஞ்சு தடவ கேளுல. அஞ்சாவது ஏன்ல ஆணிவேர் கெடச்சிரும். எங்க கம்பெனியில அப்பிடித்தான். சொல்லு, ரேடியோவ ஏன் நீ ரிப்பேர் பாக்க?"

"மாமா குடுத்தாரு."

"ஏன் குடுத்தாரு?"

"என்ஜினியர்னு நெனைக்காரு."

"ஏன் நெனைக்காரு?"

"நான் மிக்சர் தின்னுட்டேன்."

"ஏன் தின்ன?"

"அவளப் பிடிச்சிருந்துச்சி."

"பாத்தியா, நாலுலயே வந்துட்டு" என்றான் பேச்சிராஜ். வந்து என்ன செய்ய? ரேடியோ அப்படியேதான் கிடந்தது.

திங்கட்கிழமை பின்மூடியைத் திறந்தார்கள். புது செல் போட்டும் முணுக்கென்று ஒரு சத்தம் இல்லை. உள்ளே பச்சைப் பலகை, ஊசி ஊசியாகக் கம்பி, அரிசிமணி மாதிரி என்னென்னவோ. மாரிசெல்வத்துக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரிந்த ஒரே விஷயம், பலகையின் ஓரத்தில் விரல்நகம் அளவில் சின்னச் சின்னதாக நாலு தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு ஸ்க்ரூ. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. மேலே மெழுகு பூசியிருந்தது. மெழுகைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தொட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

"லூசு!" என்றான். "நாலும் லூசுல! பாரு, ஒண்ணாச்சும் டைட்டா இருக்கா? இப்பிடி இருந்தா எங்க பாடும்?"

நாலு! அதுவும் லூஸ்! கடவுள் இவனுக்கென்றே செய்து அனுப்பின ரேடியோ என்று நினைத்துவிட்டான் பாவி. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகினான். பழக்கதோஷம், சுற்றையும் எண்ணினான். எதையும் எழுதாமல் செய்யக் கூடாது என்று பேச்சிராஜ் செக் ஷீட்டோடு பக்கத்திலேயே குந்திக்கொண்டான். சிவப்பு ரெண்டேகால் சுற்று. மஞ்சள் ஒண்ணேமுக்கால். வெள்ளை மூணு. கறுப்பு ஒண்ணரை. ஒவ்வொன்றும் இறுகி நின்றதும் பெயிண்ட் பேனாவால் மஞ்சள் கோடு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கார் ஏற்றுமதி செய்த களிப்போடு ஸ்விட்சைப் போட்டான். ரேடியோ பழையபடியே ஊமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போட வந்த பாபு எட்டிப் பார்த்தார். கொம்பையா வாசலில் என்ஜினியர் என்று சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"இன்னாபா என்ஜினியரு, ரேடியோவ வெச்சிகினு குந்திகினுகீற?" என்றவர், பலகையைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயய்யோ! இதுல யாருபா கைய வெச்சது? மஞ்சக் கோடு வேற போட்டு வெச்சிக்கீது!"

"நாந்தான் சார். லூசா இருந்துச்சி, டைட் பண்ணேன்."

"இன்னாது, டைட் பண்ணியா? என் மச்சான் அந்தக் காலத்துல தபால்ல ரேடியோ படிச்சவன்பா. அவன் தலையால அட்ச்சிக்குவான், எத்த வோணா தொடு, மெழுகு போட்ட ஸ்குரூவ மட்டும் தொடாதன்னு. அது போல்ட்டு இல்லபா. ஸ்டேஷன் புடிக்கறதுக்கு கம்பெனிக்காரன் பாத்துப் பாத்து வெச்ச அளவு. அது லூசாத்தான் இருக்கணும். நீ இறுக்குன இறுக்குல அதோட காது செவுடாப் பூட்ச்சி. இன்னா என்ஜினியருபா நீயி!"

மூன்று வருஷமாக மாரிசெல்வத்துக்குத் தெரிந்த ஒரே தர்மம், லூஸாக இருப்பது தப்பு, இறுகியிருப்பது சரி. லூஸாக இருப்பதற்கென்றே உலகத்தில் ஒரு ஸ்க்ரூ உண்டு என்று எந்தச் சூப்பர்வைசரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஊமையாக வந்த ரேடியோவை இப்போது செவிடாகவும் ஆக்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் பாக்கி.

வியாழக்கிழமை பேச்சிராஜின் செல்போன் அடித்தது. ரூமுக்கே அந்த ஒரு போன்தான். கம்ப்யூட்டர் சென்டர் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து சுகப்பிரியா. நிச்சயமான பிறகு அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ரேடியோ சரியாயிட்டா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றான். "கொஞ்சம் பெரிய ஃபால்ட்டு."

"பெரிய ஃபால்ட்டுல்லாம் இல்ல" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன், அப்பாட்ட சொல்லக் கூடாது. அதுல இயர்போன் குத்துத ஓட்ட ஒண்ணு இருக்குல்லா? அப்பா மத்தியானம் தூங்கும்போது நான் இயர்போன் போட்டுப் பாட்டுக் கேப்பேன். அவரு விவசாய நிகழ்ச்சியத் தவிர ஒண்ணும் வைக்க விடமாட்டாரு. அன்னைக்குன்னு பாத்து சட்டுன்னு எந்திரிச்சி வந்துட்டாரு. செருப்புச் சத்தம் கேட்டு வெடுக்குன்னு இழுத்தேன். முனை உள்ளயே ஒடிஞ்சி நின்னுக்கிட்டு. அது உள்ள இருந்தா வெளிய சத்தம் வராதாம்ல, எங்க சென்டர் சார் சொன்னாரு. அத எடுத்தாப் போதும்."

மாரிசெல்வத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு மாதமாக இவள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததால் ஒரு நல்ல ரேடியோ ஊமையாகிப் பிள்ளைப்பாக்கம் வரைக்கும் பயணம் வந்திருக்கிறது. அவள் உண்மையைச் சொன்ன பிறகு தான் மட்டும் இன்னும் மிக்சரை மென்றுகொண்டிருப்பது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லுதேன்" என்றான். "நான் என்ஜினியர் இல்ல. முழுக் காரும் செய்யல. நாலு போல்ட் டைட் பண்ணுவேன். அவ்வளவுதான். ரேடியோவுல இருந்த நாலு ஸ்க்ரூவையும் டைட் பண்ணிக் கெடுத்தே வச்சிருக்கேன்."

பூத்தில் மீட்டர் ஓடுகிற கிர்ர் சத்தம் மட்டும் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"முன் சக்கரமா, பின் சக்கரமா?" என்றாள்.

"முன் சக்கரம். இடது."

"அது கழண்டா என்ன ஆகும்?"

"வண்டி கவுந்துரும்."

"அப்ப அது என்ன, அவ்வளவுதான்னு சொல்லுதீங்க?" என்று ஒரு அதட்டுப் போட்டாள். "மொதல்ல முனைய எடுங்க. அந்த ஸ்க்ரூவ எத்தன சுத்து திருகுனீங்கன்னு ஞாபகம் இருக்கா? அத்தன சுத்து திருப்பிக் கழட்டுங்க. இதுக்குப் போயி என்ஜினியரா வரணும்?" போனை வைத்துவிட்டாள்.

ஞாபகமா? எழுதியே இருக்கிறதே! உலகத்தில் செக் ஷீட் கண்டுபிடித்த நாளிலிருந்து, எழுதிய செக் ஷீட்டை ஒருவன் மறுபடி எடுத்துப் படித்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பேச்சிராஜுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாத்தியால? பேப்பர் பேப்பர்னு கேலி பண்ணுவீங்களே!"

சட்டை ஊசியை உள்பக்கமிருந்து விட்டுத் தள்ளியதும், நெல்மணி அளவில் ஒரு பித்தளை முனை பாயில் விழுந்தது. ஸ்விட்சைப் போட்டால் ரேடியோவுக்குள் மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. அப்புறம் மஞ்சள் கோட்டைக் கணக்காக வைத்துக்கொண்டு மாரிசெல்வம் திருப்பித் திருகினான். சிவப்பு ரெண்டேகால். மஞ்சள் ஒண்ணேமுக்கால். வெள்ளை மூணு சுற்று முடியும்போது இரைச்சலுக்கு அடியிலிருந்து யாரோ முனகினார்கள். கறுப்பு ஒண்ணரை வந்து நின்றதும், கேழ்வரகுக்கு அடியுரம் எப்போது இட வேண்டும் என்று ஒருவர் கணீரென்று சொல்ல ஆரம்பித்தார். ரூமே கைதட்டியது. அடியுரத்துக்குக் கைதட்டு விழுந்ததும் அன்றைக்குத்தான் முதல் தடவை. இறுக்கித் தள்ளுகிற கைக்குத் தளர்த்தவும் தெரிகிறதே என்று மாரிசெல்வம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கொம்பையா வந்தார், கேட்டார், முகமெல்லாம் பல்லாக ரேடியோவைத் தோளில் மாட்டிக்கொண்டார். "என்ஜினியர்னா என்ஜினியர்தான்! ஊருல போயி சொல்லுதேன் பாரும்!" என்று பஸ் ஏறினார். இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். பேச்சிராஜ் என்று ஒரு நண்பன் இருக்கும்போது அது நடக்குமா?

"அந்த செக் ஷீட்டப் பின்மூடிக்கு உள்பக்கமா ஒட்டிட்டேன்ல" என்றான் அன்று சாயங்காலம், ஏதோ கோவிலுக்கு விளக்கு வாங்கி வைத்த மாதிரி. "நேத்து நீ ஷிஃப்டுக்குப் போனப்ப. ஓ.கே. டேக் இல்லாம சரக்கு வெளிய போகக் கூடாதுல்லா."

"என்னல எழுதுன?" என்றான் மாரிசெல்வம்.

"உள்ளதத்தான். கோளாறு: சத்தம் இல்லை. காரணம்: உபயோகிப்பவர் கவனக்குறைவு, இயர்போன் முனை ஒடிஞ்சி உள்ள சிக்குனது. ஆபரேட்டர்: மாரிசெல்வம்."

எந்தக் கோளாறுக்கும் அந்தத் தாளில் காரணம் இரண்டுதான். ஒன்று உபயோகிப்பவர், இல்லையென்றால் ஆபரேட்டர். என்ஜினியர் என்று எழுத அதில் கட்டமே கிடையாது. மாரிசெல்வம் பேச்சிராஜை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் கதவுத் தாழ்ப்பாளைத் திருகினான்.

இனி கல்யாணம் என்பது நாலு செல்லின் ஆயுள்தான். செல் தீரும், கொம்பையா பின்மூடியைத் திறப்பார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். அவர் காலையும் மாலையும் கேட்கிற கேட்புக்கு மிஞ்சினால் மூன்று வாரம். அந்த வாரம் முழுக்க மாரிசெல்வம் சாப்பிட்ட சாப்பாடு நாக்கில் ஒட்டவில்லை. லைனில் மூன்று காருக்குக் கோடு போட மறந்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அடுத்த வியாழக்கிழமை சுகப்பிரியா கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னான். "உபயோகிப்பவர் கவனக்குறைவா? எவன் எழுதுனது?" என்று முதலில் அதற்குத்தான் பாய்ந்தாள். பாய்ந்து முடித்ததும் நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா மத்தியானம் தூங்குவாரு. மூடியத் திறந்து அந்தத் தாளக் கிழிச்சிர ரெண்டு நிமிஷம் ஆகாது. கிழிக்கவா, விடவா? நீங்க சொல்லுங்க."

கிழி என்று சொன்னால் முடிந்தது. அப்புறம் வாழ்நாள் முழுக்க மாமனார் வீட்டில் என்ஜினியர். தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் மிக்சி, கிரைண்டர், ஊர் மோட்டார் என்று வரிசை கட்டி நிற்கும். அது மட்டுமா? இவளிடம் நாலு போல்ட் என்று சொல்லிவிட்டு, இவள் அப்பனிடம் முழுக் கார் என்று எத்தனை வருஷத்துக்கு முழுங்குவது? நினைக்கும்போதே அவனுக்குச் சலிப்பாக இருந்தது.

"விடு" என்றான். முதல்முறையாக ஒருமையில் சொல்லிவிட்டதை அப்புறம்தான் கவனித்தான். "உம்பேரும் சேந்து மாட்டுமே, பரவால்லயா?"

"பேரு எங்க போட்டிருக்கு? உபயோகிப்பவர்னுதானே போட்டிருக்கு" என்றாள். "ஆனா ஒண்ணு, அவரு வேண்டாம்னுட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது. பாத்துக்கிடுங்க." மீட்டர் சத்தம் நின்றது.

அப்புறம் போனும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. பாபு வேறு பார்க்கும்போதெல்லாம் "இன்னா என்ஜினியரு, எப்ப கண்ணாலம்?" என்று உயிரை வாங்கினார். மூன்றாவது வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. கொம்பையாவின் கையெழுத்து. மாரிசெல்வம் அதைப் பிரிக்காமல் ஒரு ஷிஃப்டு முழுக்கச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். பேச்சிராஜ்தான் பிடுங்கிப் பிரித்தான்.

"மாப்பிள்ளைக்கு எழுதுவது. செவ்வாய்க்கிழமை செல் தீர்ந்து மூடியைத் திறந்தேன். உள்ளே ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். ஒரு தடவைக்கு நாலு தடவை வாசித்தேன். பிறகு தரகர் நெல்லையப்பனைச் சந்தையில் வைத்துப் பார்த்தேன், பேசினேன். அவர் இப்போது நம் தெருப்பக்கம் வருவதில்லை. உமது கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையனிடமும் விசாரித்தேன். நாலு போல்ட் என்றான். அதில் ஒரு போல்ட்கூடத் திரும்பி வந்ததில்லை என்றும் சொன்னான். பொய்யை வாயால் சொல்லிவிட்டு, உண்மையைத் தாளில் எழுதி ஒட்டிக் கொடுக்கும் ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். உமக்கு வெட்கம் இல்லையா? ஊரெல்லாம் என்ஜினியர் என்று சொல்லி வைத்த எனக்குத்தான் வெட்கம். அதை நானே வீடு வீடாகப் போய்த் திருத்திக்கொள்கிறேன். உபயோகிப்பவர் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர். அந்த உபயோகிப்பவளின் இயர்போன் மிச்சம் அரிசி டின்னுக்குள் கிடந்தது, நான் அன்றைக்கே பார்த்தேன். எத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்தக் கவனக்குறைவை ஆயுள் முழுக்க நீர்தான் சமாளிக்க வேண்டும். ரேடியோ நன்றாகப் பாடுகிறது. தாளைக் கிழிக்கவில்லை."

மாரிசெல்வம் அதை வாங்கி மறுபடி வாசித்தான். சமாளிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாரே, அப்படியென்றால் சம்மதமா? இல்லை, கிழவர் குத்திக்காட்டுகிறாரா? ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டும் பேச்சிராஜால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் தபால்காரர் ஒரு கனமான கவரை பாபு வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். கவரில் யார் பெயர் இருந்தாலும் பிரித்துப் பார்ப்பது வீட்டுக்காரருக்குப் பிறப்புரிமை அல்லவா? கையில் கல்யாணப் பத்திரிகையோடு பாபு ஐந்தாம் நம்பர் ரூமுக்கு வந்தார்.

"கண்ணாலப் பத்திரிக வந்துகீதுபா, சந்தோசம்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா இதப் பாரு. பொண்ணு பேருக்குக் கீழ கம்ப்யூட்டர் டீச்சர்னு கரீட்டா போட்டுக்கீறான். உம்பேருக்குக் கீழ ஆபரேட்டர்னு கொட்ட எழுத்துல போட்டுக்கீறான். பிரிண்டுல மிஸ்டேக்கா? ஒரு போனப் போட்டு மாத்தச் சொல்லுபா, மானம் போவுது!"

மாரிசெல்வம் பத்திரிகையை வாங்கினான். மணமகன், மாரிசெல்வம், ஐ.டி.ஐ., கார் கம்பெனி ஆபரேட்டர், இருங்காட்டுக்கோட்டை. ஊரிலேயே பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பியிருந்தார்கள். அவன் விரல் தானாகவே ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போனது. உதடு அசையாமல் எண்ணினான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

"மிஸ்டேக் இல்ல சார்" என்றான். "கரெக்டாத்தான் இருக்கு. இனிமே யாரும் கை வைக்கக் கூடாது."